தோல் போகிற வழியே

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் எல்லோரும் நம்பினார்கள். தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. நான் செய்த முதல் அயோக்கியத்தனம் அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

என் வேலை மார்க்குப் போடுவது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, பழுப்பாக வருகிற தோல்களை மேஸ்திரி தரம் பிரித்து வைப்பார். ஒவ்வொன்றின் வால் பக்கத்திலும் மையில் தோய்த்த கட்டையால் ஒரு எழுத்தைக் குத்துவேன். பிறகு அவற்றைக் கட்டாகக் கட்டிக் கோணி தைப்பார்கள். எழுத்து வெட்டிய தகரத்தைக் கோணி மேல் வைத்து மை தடவி, கட்டு எந்த ஊருக்குப் போகிறது என்று பதிப்பேன். இதற்கு என்ன இங்கிலீஷ் வேண்டும்? இருபத்தாறு எழுத்தும் பெரிய எழுத்தாக, தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் படிக்க வராது. சின்ன எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கும். ஆனால் ‘டேமேஜ்’, ‘ரிஜெக்ட்’, ‘செகண்ட்ஸ்’ என்று நாலு வார்த்தையை நான் அலட்சியமாக வீசுகிற தோரணையில் ஜனங்கள் மயங்கிப் போயிருந்தார்கள்.

யாருக்காவது இங்கிலீஷில் கடுதாசி வந்தால் என்னிடம் கொண்டு வருவார்கள். நான் அதை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, “நாளைக்கு நிதானமா பாத்து சொல்றேன்” என்று சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர் எனக்குத் தோஸ்து. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் படித்துச் சொல்வார். மறுநாள் நானே படித்த மாதிரி ஒப்பிப்பேன். ஐந்தாறு வருஷம் இப்படியே காலத்தை ஓட்டினேன்.

எங்கள் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர் ஒருவர், எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அண்ணா என்று கூப்பிடுவேன். சுண்ணாம்புக் குழி என்றால், மயிர் கழல்வதற்காகப் பச்சைத் தோலை ஊறப் போடுகிற குழி. முழங்கால் ஆழத்தில் நின்று, தோலைப் புரட்டிப் போட்டு, மிதித்து, இடுக்கியால் இழுத்து மேலே போட வேண்டும். இறங்கும் முன் காலெல்லாம் விளக்கெண்ணெய் தடவிக் கோணி சுற்றிக்கொள்வார்கள். பத்து மணிக்குள் எண்ணெய் போய்விடும். அப்புறம் சுண்ணாம்பு தின்ன ஆரம்பிக்கும். மாட்டுத் தோலா மனுஷத் தோலா என்று அதற்கு என்ன தெரியும்? அண்ணாவின் பாதங்களில் பட்டாணி அளவுக்குக் குழி குழியாக இருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகக் கிடக்கும். நாள் முழுக்கத் தோலோடு கிடந்த மனுஷன் செருப்புப் போட்டதில்லை. வார் பட்டால் உயிர் போகும் என்பார்.

குழிக்காரர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று சங்கம் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் எல்லா ஊர்த் தோல் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரு மாநாடு வைத்தார்கள். சர்க்கார் அதிகாரிகளும் வருகிறார்கள் என்று பேச்சு. எங்கள் சங்கச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். நாம் வாயால் கேட்டது போதும், ஒரு ஆளை மேடையில் ஏற்றிக் காலைக் காட்டச் சொல்வோம் என்றார். அண்ணாவின் காலைவிட மோசமான கால் எங்கள் ஷாப்பில் இல்லை. ஆனால் அண்ணாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பேசுவதற்கு நான்.

செயலாளர் முதல் நாளே கிளம்பினார். எங்கள் இருவருக்கும் ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. விடியற்காலை ரயிலில் வந்துவிடுங்கள் என்று சொல்லி, மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய இங்கிலீஷ் காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

“இடம், வழி எல்லாம் இதுல இருக்குது. பன்னெண்டு மணிக்குள்ள வந்துடணும். சாப்பாட்டுக்கு அப்புறம் தீர்மானம். அதுக்கு முன்னால அவரு காலக் காட்டியாவணும், இல்லன்னா போனது வேஸ்ட்டு. தமிழ்ல எழுதித் தரட்டுமா?”

அண்ணா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தாள்.

“எதுக்கு? இதுவே போதும்” என்றேன் நான்.

இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. தபாலாபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா மகனுக்குப் பெண் பார்க்கக் குடியாத்தம் போய்விட்டார். திரும்பிப் போய்ச் செயலாளரிடம் கேட்கலாம் என்றால், அவர் ரயிலேறிவிட்டார்.

மறுநாள் ரயிலில் அண்ணா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. சீயக்காய் தேய்த்துக் குளித்திருந்தார். இரண்டு காலையும் அவர் மனைவி பழைய புடவைத் துணியால் சுற்றிவிட்டிருந்தாள். மேடையில் அவிழ்க்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்று முடிச்சு கூட இறுக்கிப் போடவில்லை. காட்பாடி தாண்டியதும், “எங்கபா நடக்குது மாநாடு?” என்று கேட்டார்.

நான் காகிதத்தை எடுத்து விரித்து, ரொம்ப நேரம் பார்த்து, மடித்தேன். “பெரியமேட்டுலண்ணா. சென்ட்ரல்லேருந்து கூப்புடு தூரம்” என்றேன்.

பொய் என்று அப்போது நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த மெட்ராஸ் அவ்வளவுதான். நான் மார்க்குப் போட்ட கட்டுகள் சென்ட்ரலில் இறங்கிப் பெரியமேட்டுத் தோல் கிடங்குகளுக்குப் போகும். அங்கிருந்து ஹார்பருக்குப் போய்க் கப்பலேறும். தோல்காரன் மாநாட்டைத் தோல் இருக்கிற இடத்தில் வைக்காமல் பட்டுப் புடவைக் கடையிலா வைப்பான்?

பத்து மணிக்கு சென்ட்ரலில் இறங்கினோம். எந்தப் பக்கம் பெரியமேடு என்றுகூட நான் யாரையும் கேட்கவில்லை. ரோட்டில் கொஞ்ச தூரம் மேற்கே நடந்ததும் காற்றில் அந்த வாடை வந்தது. உப்புப் போட்ட தோலின் வாடை. ரோட்டில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“நம்ம ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்குதுபா!” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகாமல் மூக்கு காட்டிய வழியில் போனோம். கிடங்குகள் வந்தன. நான் பதித்த எழுத்துள்ள கட்டு ஒன்று ஒரு கிடங்கு வாசலில் கிடந்தது. அதை அண்ணாவுக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மாநாடு மட்டும் இல்லை. பந்தல் இல்லை, கொடி இல்லை, நாலு பேர் கூடி நிற்கவில்லை. ஒரு சந்து விட்டு மறு சந்து என்று முக்கால் மணி நேரம் சுற்றினோம். கடைசியில் ஒரு கிடங்குக் காவலாளியிடம் வாயால் மட்டும் கேட்டேன். காகிதத்தை எடுக்கவில்லை.

“மாநாடா? இங்க ஏதுய்யா மாநாடு? மீட்டிங்னா பீச்சாண்டதான் நடக்கும்” என்றார்.

பீச் என்றதும் எனக்குக் கண் திறந்துவிட்டது. ஹார்பர்! கட்டு அடுத்துப் போகிற இடம் அதுதானே.

“இன்னாபா?” என்றார் அண்ணா.

“இடத்த மாத்திட்டாங்களாம்ணா. ஹார்பர் பக்கம்.”

ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியை ஓரம் கட்டி, “எங்க போணும் சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தால்தானே ஏற முடியும்? “நடந்தே போய்டலாம், கிட்டக்கத்தான்” என்று சொல்லிவிட்டேன். அண்ணா அந்த ரிக்‌ஷாவைத் திரும்பிப் பார்த்தார்.

வந்த வழியே சென்ட்ரலைத் தாண்டி, ஹைகோர்ட்டைச் சுற்றி, ஹார்பர் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தார் ரோடு கொதித்தது. எனக்குச் செருப்பு இருந்தது. அண்ணா மர நிழல் விழுந்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். நிழல் இல்லாத இடத்தில் ஓடினார். ஹார்பர் வாசலில் மூட்டை லாரிகளும் போலீஸ்காரர்களும்தான் இருந்தார்கள். நான் முழித்த முழியைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் அதட்டினார். காகிதத்தை அவரிடம் நீட்டியிருக்கலாம். அண்ணா இரண்டடி தள்ளி நின்றார். நீட்டவில்லை.

எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. அண்ணாவை இழுத்துக்கொண்டு அதில் ஏறிவிட்டேன்.

“எங்க?” என்றார் கண்டக்டர்.

“பீச்சு.”

“பீச்சு ஸ்டேஷன் இதான்யா. எந்த பீச்சுக்குப் போணும்?”

நான் ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் எங்களை மோந்து பார்த்து, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து வேறு இடம் போனார். சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் எங்களுக்குத் தெரியாத வாடை மற்றவர்களுக்குத் தெரியும். கண்டக்டர் விசில் அடித்தார். இறங்கிவிட்டோம்.

மணி ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும். கடலோர ரோட்டில் தெற்கே நடக்க ஆரம்பித்தோம். ஏன் தெற்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் கடற்கரை தெரிந்தது, அவ்வளவுதான். கோட்டை மதிலைத் தாண்டுவதற்குள் அண்ணா ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

“செத்த நேரம் இருபா.”

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். புடவைத் துணி எப்போதோ நைந்து போயிருந்தது. வலது பாதத்தின் அடியில் துணியே இல்லை. வெந்த தோல் பிய்ந்து, மண்ணும் தாரும் ஒட்டி, விரலிடுக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு இத்தனை வருஷத்தில் செய்யாததை நான் மூன்று மணி நேரத்தில் செய்திருந்தேன்.

“மணி கேட்டுட்டு வர்றேன்ணா” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சற்றுத் தள்ளி பஸ் நிறுத்தத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு நர்ஸம்மா குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். அண்ணாவுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அந்தம்மா ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

“திருவல்லிக்கேணி. பீச் ரோட்டிலேருந்து உள்ளே திரும்பினா ஒரு ஸ்கூல், அதோட ஹால். பாலம் தாண்டிப் போகணும். காலையிலேயே ஆரம்பிச்சிருக்குமே? சென்ட்ரல்லேருந்து எந்த நம்பர் பஸ்னு கூட இதுலயே போட்டிருக்குதே.”

பஸ் நம்பர்கூட போட்டிருந்தது.

பேனாவை எடுத்து, காகிதத்தின் ஓரத்திலேயே தமிழில் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தார். மரத்தடியில் இருந்த ஆளையும் அவர் காலையும் பார்த்துவிட்டார்.

“அவர் உங்களோட வந்தவரா? அந்தக் காலோடவா நடக்க வெச்சிங்க? தெரியலைன்னா யாரையாவது கேக்கறதுக்கு என்ன?”

அவரே ஒரு ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தி, இடத்தைச் சொல்லி, எங்களை ஏற்றி அனுப்பினார். “சீக்கிரமா டாக்டர் கிட்ட காட்டுங்க” என்று இரண்டு முறை சொன்னார்.

“யாருபா அந்தம்மா?” என்றார் அண்ணா.

“மணி கேட்டேன். குறுக்கு வழி சொன்னாங்க.”

கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

சாப்பாடு முடிந்து, ஜனங்கள் பாதி தூக்கத்தில் இருந்தார்கள். செயலாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் திட்ட வாயெடுத்தவர், அண்ணாவின் காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பூட்ஸ் தீர்மானத்தைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாராம். இரண்டு பேராக அண்ணாவைத் தாங்கி மேடையில் ஏற்றி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் துணியை அவிழ்த்தேன். முடிச்சு அவிழ்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒட்டியிருந்ததைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முன்வரிசையில் யாரோ ஐயோ என்றார்கள். மைக் முன்னால் போனேன். உண்மையைச் சொல்ல எனக்கு அங்கே ஒரு நிமிஷம் இருந்தது. சுண்ணாம்பு தின்ற குழிகள் வேறு, இந்த ரத்தம் வேறு என்று சொல்லியிருக்கலாம். குழிகளே போதும், பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

“இந்த ரத்தத்தைப் பாருங்கள்!” என்று கத்தினேன். “சுண்ணாம்புக் குழியில் சிந்துகிற ரத்தம் இது. முதலாளிகள் எங்களுக்குக் கொடுத்த பரிசு இது!”

ஹால் அதிர்ந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்மானம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. யார் யாரோ வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அண்ணாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

சாயந்திர ரயிலில் எதிர் சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அரக்கோணம் தாண்டியதும், “நல்லா பேசுன தம்பி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக இரண்டு அறை வைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆம்பூரில் அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு நீ கூட இருந்த, அதனால போய் சேந்தாரு. இல்லன்னா அவ்ளோ பெரிய ஊர்ல எங்க போய் நின்னிருப்பாரோ” என்பாள். இதை என் மனைவியிடமும் சொல்லியிருந்தாள். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

கால் ஆறவில்லை. சீழ் வைத்தது. ஒரு மாதம் வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். குழியில் இறங்க முடியாது என்று அவரைத் தோல் காய வைக்கிற களத்துக்கு மாற்றினார்கள். அங்கே கூலி கம்மி. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். வாசல்வரை வாயில் இருக்கும். உள்ளே போனதும் மென்று முழுங்கிவிட்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டு வருவேன்.

மாநாடு முடிந்து எட்டு மாதம் கழித்துப் பூட்ஸ் வந்தது. கருப்பு ரப்பர், முழங்கால் உயரம். குழிக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அண்ணா இப்போது குழிக்காரர் இல்லை. ஆனாலும் அவர் காலால்தானே வந்தது என்று செயலாளர் சண்டை போட்டு அவருக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார்.

களத்து ஓரத்தில் ஒரு கல் மேல் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணா. நான் போய் நின்றேன். அடிப்பக்கத்தில் ரப்பரிலேயே ஏதோ எழுத்து புடைத்திருந்தது. சின்ன எழுத்து. அதை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

“இன்னா போட்டிருக்குதுபா? படிச்சி சொல்லு.”

பழக்க தோஷம். கையில் வாங்கி எட்டப் பிடித்தேன். கிட்டப் பிடித்தேன். நெற்றியைக்கூடச் சுருக்கிவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“தெரியலண்ணா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அன்னிக்கும் தெரியாது. உன் காலு போனது என்னாலதான்.”

அண்ணா மடியிலிருந்த மற்ற பூட்ஸைக் கீழே வைத்தார்.

“தெரியும்பா. மரத்தடியிலேருந்து பாத்துட்டுதான இருந்தேன், நீ அந்தம்மா கிட்ட காயிதத்த நீட்டுனத.”

“அப்பவே ஏண்ணா கேக்கல?”

“கேட்டிருந்தா நீ மேடையில வாயத் தொறந்திருப்பியா? நீ பேசணும்னுதான நான் அவ்ளோ தூரம் நடந்தேன். ஊருக்கு வந்த பின்னால நீயா சொல்லுவன்னு பாத்தேன். தெனம் வந்து மழயப் பத்தி பேசிட்டுப் போன. எட்டு மாசம்பா.” பூட்ஸை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “இன்னிக்கும் நீ எதுனா பொய் படிச்சிருந்தன்னா, இதாலயே மூஞ்சியில போட்டிருப்பேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். காய்கிற தோல்களுக்கு நடுவில், ஆட்கள் பார்க்க, அழுதேன்.

அவர் தேற்றவில்லை. அழுது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, வலது காலை நீட்டினார்.

“சரி, மாட்டி உடு.”

பூட்ஸ் லொடலொடவென்று இருந்தது, முன்பக்கம் காலியாக நின்றது. கோணித் துண்டு ஒன்றைக் கிழித்துச் சுருட்டி, இரண்டு விரல் இருந்த இடத்தில் வைத்து அடைத்து, மறுபடி மாட்டிவிட்டேன். எழுந்து நின்று நாலடி நடந்து பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் வெய்யி” என்றார்.